ஒரே அளவு பயிற்சி, வேறு வேறு முன்னேற்றம்: திறமைக் குறைவா, பயிற்சிக் குறையா?

இசைவகுப்பு கேட்டது:

கீபோர்டு சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லோருக்கும் வரும் கேள்விதான். இரண்டு மாணவர்கள். வயது ஒன்று, பாடத்திட்டம் ஒன்று, இருவரும் தினமும் ஒரு மணி நேரம் உட்காருகிறார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் ஒருவர் வேகமான பகுதிகளைச் சரளமாக வாசிக்கிறார். மற்றவர் சி மேஜர் ஸ்கேல் என்ற எட்டு ஸ்வர வரிசையையே மெட்ரோனோம் 90-க்கு மேல் (நிமிடத்துக்கு 90 தட்டு, ஒரு தட்டுக்கு நான்கு ஸ்வரம்) கொண்டுபோக முடியாமல் நிற்கிறார்.

பெற்றோர் "இது வருமா, வராதா?" என்று கேட்கிறார்கள். "உழைத்தால் எல்லாம் வரும்" என்றாலும், "அது பிறவியிலேயே இருக்க வேண்டும்" என்றாலும் எதையும் சோதித்துப் பார்க்காமல் சொல்லும் பதில்தான். தெரிந்துகொள்ள விரும்புவது மூன்று. பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் யாரும் உச்சத்தை எட்டலாம் என்ற கணக்கில் எவ்வளவு உண்மை இருக்கிறது? தேக்கத்துக்குக் காரணம் பயிற்சி முறையா, இயல்பான எல்லையா என்று எப்படிப் பிரித்தறிவது? எந்த இடத்தில் "இதற்கு மேல் போகாது" என்று நேர்மையாக ஒப்புக்கொள்ளலாம்?

---

நான்காம்_கட்டம் எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். எண்களை அரைகுறையாகக் கேட்டுத்தான் பலர் தவறான முடிவுக்குப் போகிறார்கள்.

1993-இல் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் இரண்டு சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது இந்தப் பத்தாயிரம் மணிக் கணக்கு. பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களை மிகச் சிறந்தவர்கள், நல்ல நிலையில் இருப்பவர்கள், இசை ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர்கள் என்று மூன்றாகப் பிரித்தார்கள். 18 வயதுக்குள் தனியாகப் பயிற்சி செய்த நேரம் சராசரியாக முதல் பிரிவுக்கு 7,410 மணி, இரண்டாவதற்கு 5,301, மூன்றாவதற்கு 3,420. முதல் பிரிவின் சராசரி 20 வயதில் பத்தாயிரத்தைத் தாண்டியது. அவ்வளவுதான். அது சராசரி. அந்த எண்ணைத் தொடாதவர்களும் அதே முதல் பிரிவில் இருந்தார்கள். தவிர, 20 வயதில் அவர்கள் திறமையான மாணவர்கள், உலகப் புகழ் பெற்ற கலைஞர்கள் அல்ல. பத்தாயிரம் என்பது நுழைவுச் சீட்டு என்று எரிக்சன் சொல்லவே இல்லை.

2019-இல் ப்ரூக் மக்னமாராவும் மேகா மைத்ராவும் இதே ஆய்வைத் திரும்பச் செய்தார்கள். எந்த மாணவர் எந்தப் பிரிவு என்பது பேட்டி எடுப்பவருக்குத் தெரியாதபடி பார்த்துக்கொண்டார்கள். இந்த முறை மிகச் சிறந்தவர்களும் நல்லவர்களும் 20 வயதில் ஏறக்குறைய ஒரே அளவு, சுமார் 11,000 மணி, பயிற்சி செய்திருந்தார்கள். மூன்றாம் பிரிவு சுமார் 6,000. அதாவது கீழ்ப்படியில் இருப்பவரையும் மேல்படியில் இருப்பவரையும் மணிக்கணக்கு பிரித்துக் காட்டுகிறது. மேலே போன பிறகு இவரா அவரா என்பதை அது சொல்வதில்லை.

அதே மக்னமாரா 2014-இல் இன்னும் இருவரோடு சேர்ந்து பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். ஆளுக்கு ஆள் இருக்கும் திறன் வேறுபாட்டில், திட்டமிட்ட பயிற்சியின் அளவு விளக்குவது சதுரங்கம் போன்ற ஆட்டங்களில் 26 சதவீதம், இசையில் 21, விளையாட்டில் 18, கல்வியில் 4, தொழில்முறை வேலைகளில் ஒன்றுக்கும் கீழே. இதை "உழைப்பு 21, திறமை 79" என்று படித்துவிடாதீர்கள். மீதியில் தொடங்கிய வயது, ஆசிரியரின் தரம், பயிற்சியின் தரம், உடல்வாகு, பழைய மணிக்கணக்கை நினைவிலிருந்து சொல்வதால் வரும் பிழை எல்லாம் கலந்திருக்கின்றன. ஒருவருடைய வெற்றியைக் கூறு போட்டுப் பிரிக்கும் கணக்கு இல்லை இது. ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வைப் பற்றியது.

வேகம் ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறும் என்பதற்கு சதுரங்க ஆய்வு ஒன்று நல்ல சான்று. ஃபெர்னாண்ட் கோபேவும் கில்லர்மோ காம்பிடெல்லியும் 2007-இல் வெளியிட்டது, அர்ஜென்டினா ஆட்டக்காரர்கள் பற்றியது. மாஸ்டர் நிலையை எட்டச் சராசரியாகச் சுமார் 11,000 மணி ஆகியிருக்கிறது. ஆனால் மிக விரைவாக எட்டியவருக்குச் சுமார் 3,000 மணியே போதுமாக இருந்தது. மிகத் தாமதமாக எட்டியவருக்கு 23,000-க்கும் மேல். ஏழெட்டு மடங்கு வித்தியாசம். அதற்கும் மேல் உழைத்து அந்த நிலையை எட்டாதவர்களும் அதே பட்டியலில் உண்டு.

உங்கள் மாணவர்கள் விஷயத்தில் மூன்றைக் கலந்துவிடாமல் இருந்தால் போதும்: தொடங்கும்போது எங்கே இருந்தார், எவ்வளவு வேகமாக ஏறுகிறார், எங்கே போய் நிற்பார். ஆசிரியர் கண்ணுக்குத் தெரிவது முதல் இரண்டு. ஆனால் தீர்ப்பு சொல்லப்படுவது மூன்றாவதைப் பற்றி.

---

மெட்ரோனோம்60 எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். "இருவரும் தினமும் ஒரு மணி நேரம்" என்று நீங்கள் சொல்வதிலேயே எனக்குச் சந்தேகம். உட்கார்ந்த நேரம் ஒன்றாக இருக்கலாம், பயிற்சி ஒன்றாக இருக்காது.

மாணவர் வீட்டில் தனியாக வாசிப்பதை ஒரு வாரம் ஒலிப்பதிவு செய்து வாங்குங்கள். வீடியோ வேண்டாம், கேமரா இருந்தால் நடத்தை மாறிவிடும். பதிவில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தப்பு வந்தவுடன் என்ன செய்கிறார்? பெரும்பாலும் தப்பான ஸ்வரத்தை ஒரு தடவை சரியாகத் தட்டிவிட்டு மேலே போவார், இல்லாவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பார். இரண்டுமே வீண். 32 பார் (ஒரு பார் என்பது ஒரு தாளச் சுற்று) உள்ள ஒரு பாட்டு, நான்கு தட்டுத் தாளம், மெட்ரோனோம் 80. ஒரு பாருக்கு 3 விநாடி, முழுப் பாட்டுக்கு 96 விநாடி. சிக்கல் இரண்டு பாரில் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலிலிருந்து பத்து தடவை வாசித்தால் 16 நிமிடம் போய்விடும். சிக்கலான இடத்தின் மேல் கை பட்டது ஒரே ஒரு நிமிடம். முன்னேறும் மாணவரின் பதிவைக் கேளுங்கள். அவர் அந்த இரண்டு பாரையே திருப்பித் திருப்பிப் பிசைந்துகொண்டிருப்பார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே சிலர் இப்படிச் செய்வார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதைத்தான் "பிறவித் திறமை" என்கிறார்கள்.

இப்போது 90-இல் நிற்கும் அந்த ஸ்கேல். 90 வேகத்தில் தட்டுக்கு நான்கு என்றால் விநாடிக்கு 6 ஸ்வரம். வலது கை சி மேஜர் விரல் வரிசை 1-2-3-1-2-3-4-5 (1 கட்டைவிரல், 5 சுண்டுவிரல்). மூன்றாம் விரல் ஈ-யில் இருக்கும்போது கட்டைவிரல் அதன் அடியில் புகுந்து எஃப்-ஐப் பிடிக்க வேண்டும். ஏறக்குறைய எல்லாத் தடுமாற்றமும் இந்த ஈ–எஃப் இணைப்பில்தான் நடக்கும். பதிவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டால் தெளிவாகக் கேட்கும்: எஃப்-க்கு முன்னால் சின்ன இடைவெளி, அல்லது எஃப் மட்டும் உரத்து இடிப்பது. இடைவெளி என்றால், மூன்றாம் விரல் வேலையை முடிக்கும்வரை கட்டைவிரல் நகராமல் காத்திருக்கிறது என்று அர்த்தம். இடிக்கிறது என்றால் முழங்கை வெளியே எகிறி, கையின் எடை முழுக்கக் கட்டைவிரல் மேல் விழுகிறது.

ஒவ்வொரு நாளும் மெட்ரோனோமை இரண்டு இரண்டாக ஏற்றுவது ஏன் இங்கே பலிக்காது என்பதைப் பல ஆசிரியர்களே சொல்வதில்லை. மெதுவாக வாசிக்கும்போது கட்டைவிரலை அடியில் நுழைக்க நேரம் இருக்கிறது. வேகம் கூடும்போது அந்த அசைவே செல்லாது. கட்டைவிரல் அடியில் முழுசாக நுழையாமல், முன்கை மொத்தக் கையையும் பக்கவாட்டில் நகர்த்திப் புது இடத்தில் வைக்க வேண்டும். அது வேறு அசைவு. மெதுவான அசைவை எத்தனை ஆயிரம் தடவை செய்தாலும் தானாக அது வேகமான அசைவாக மாறாது. இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவரைப் பார்த்துத்தான் "உழைக்கிறான், வரமாட்டேன் என்கிறது" என்கிறோம்.

சரிசெய்யும் விதம்: சி-டி-ஈ மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். கையை நகர்த்தி எஃப்-ஜி-ஏ-பி நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். மணிக்கட்டு மேலே எகிறாமல், சத்தமில்லாமல் இடம் மாறும்வரை இதை மட்டும் செய்யுங்கள். பிறகு சி-டி-ஈ-எஃப் என்று நான்கு ஸ்வரம் மட்டும், 100 வேகத்தில், எஃப்-இல் நின்றுவிட வேண்டும். கையைத் தளர்த்தி, இரண்டு தட்டு ஓய்வு, மறுபடி. பத்தில் எட்டு சுத்தமாக வந்தால் ஒரு ஸ்வரம் கூட்டுங்கள். நான்குக்கு மேல் தப்பினால் வேகத்தைப் பத்து குறையுங்கள். ஒரே இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வேறு பகுதிக்குப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள்.

இந்த மாற்றி மாற்றிச் செய்வதில் ஒரு சங்கடம் உண்டு: அன்றைக்கு மோசமாகத் தெரியும். குட், மகில் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் பேட்மிண்டன் சர்வீஸ் மூன்று வகையைப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனவர்களைவிட, மூன்றையும் கலைத்துப் போட்டுப் பழகியவர்கள் பிறகு வைத்த சோதனையில் நன்றாகச் செய்தார்கள். பழகாத பக்கத்திலிருந்து அடிக்கச் சொன்னபோதும் அப்படியே. ஒரே பகுதியை முப்பது தடவை வாசிக்கும் மாணவர் முப்பதாவது தடவை அழகாக வாசிப்பார், மறுநாள் பழைய இடத்தில் நிற்பார்.

அதனால் அளக்க வேண்டியது மறுநாள் காலையில், கையைச் சூடுபடுத்தாமல் வாசிக்கும் முதல் முயற்சி. அதை வாரம் இரண்டு முறை எழுதி வையுங்கள். பயிற்சி முடிவில் எட்டிய வேகத்தை எழுதவே வேண்டாம், அது ஏமாற்றும்.

ஆறு வாரம் இப்படிச் செய்யுங்கள். தினம் 25 நிமிடம் வீதம் இரண்டு அமர்வு போதும். அந்த முதல்முயற்சி வேகம் 90-லிருந்து 105, 110 என்று ஏறினால், பழைய குறை முறையில் இருந்தது. மூன்று வாரம் அசையவே இல்லை என்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: முதலில் இருக்கையின் உயரம் (முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு வர வேண்டும்), பிறகு விரல் வரிசை, பிறகு கட்டைகளின் கனம். இத்தனையும் பார்த்த பிறகுதான் "திறமை" என்ற சொல்லை எடுக்க நமக்கு உரிமை.

---

தடகளப்பித்தன் எழுதியது:

மெட்ரோனோம்60 சொன்ன சோதனை அருமை. ஆனாலும் எல்லாத் தேக்கமும் முறையில் இருக்கும் குறை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உடல் சார்ந்த துறைகளில் இயல்பான வேறுபாடு இருக்கிறது, அதை மறைப்பது மாணவருக்குச் செய்யும் அநியாயம்.

ஹெரிடேஜ் குடும்ப ஆய்வு இதற்கு நல்ல ஆதாரம். உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 481 பேர், 98 குடும்பங்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி 20 வாரம் சைக்கிள் பயிற்சி, மேற்பார்வையோடு. உடல் உச்சமாகப் பயன்படுத்தும் ஆக்ஸிஜன் அளவு சராசரியாக நிமிடத்துக்குச் சுமார் 400 மில்லிலிட்டர் கூடியது. ஆனால் சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே கூடவில்லை, சிலருக்கு ஒரு லிட்டர் வரை கூடியது. ஒரே குடும்பத்தினர் ஒரே மாதிரி முன்னேறினார்கள். ஆகவே வேறுபாட்டில் பாதிக்கு அருகில் குடும்பவழி வருவது என்று கணக்கிட்டார்கள். இதில் முக்கியமானது: பயிற்சியை உடல் ஏற்றுக்கொள்ளும் விதமே ஆளுக்கு ஆள் வேறு. திறமை ஒரு பக்கம், உழைப்பு ஒரு பக்கம் என்று தராசில் வைப்பதே இதனால் சிக்கலாகிறது.

உச்சத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு 2007 ஒசாகா உலகத் தடகளப் போட்டி. உயரம் தாண்டுதலில் சுவீடனின் ஸ்டெஃபான் ஹோம், சிறுவயதிலிருந்து அதையே செய்தவர், 2004 ஒலிம்பிக் தங்கம். உயரம் 1.81 மீட்டர்தான், அந்த விளையாட்டுக்குக் குறைவு. பஹாமாஸின் டொனால்ட் தாமஸ் அந்த விளையாட்டைத் தொடங்கியதே 2006-இல். தாமஸ் 2.35 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார், ஹோம் நான்காவது. பலர் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் தாமஸ் அதன் பிறகு பல வருடம் ஆடியும் அவருடைய சிறந்த தாண்டல் 2.37 மீட்டர்தான், இரண்டு சென்டிமீட்டர் கூடுதல். ஹோமின் சிறந்த தாண்டல் வெட்டவெளியில் 2.37, உள்ளரங்கில் 2.40. இயல்பான உடல் ஒருவரை மிக உயரத்திலிருந்து தொடங்கவைத்தது. உழைப்பு இன்னொருவரை அதே உயரத்துக்குக் கொண்டுபோனது.

கீபோர்டில் இதற்கு இணையானது கை அகலம். பியானோவில் ஒரு ஸ்வரத்திலிருந்து அதன் எட்டாவது ஸ்வரம்வரை உள்ள தூரம் சுமார் 16.5 சென்டிமீட்டர். வளர்ந்து முடிந்த கைக்கு அதற்கு மேல் எட்டவில்லை என்றால் எந்தப் பயிற்சியும் எலும்பை நீட்டாது. ஸ்வரங்களைப் பிரித்து வாசிக்கலாம், குறுகிய கட்டைகள் உள்ள கருவி தேடலாம். ஜோசஃப் ஹாஃப்மன் போன்ற மாமேதையே தன் சிறிய கைக்காகச் சற்றுக் குறுகிய கட்டைகள் வைத்த பியானோவில் வாசித்தவர். மோதிரவிரலும் அப்படியே. அதைத் தூக்கும் தசைநார் பக்கத்து விரல்களின் நாரோடு புறங்கையில் இணைந்திருப்பதால், மற்ற விரல்களை அழுத்திவைத்துக்கொண்டு அதை மட்டும் உயரத் தூக்க முடியாது. தூக்கவைக்கும் பயிற்சி வலியில்தான் முடியும். வாசிப்புக்குத் தேவை அழுத்துவது மட்டுமே.

தேக்கத்தை உடைக்க நேரத்தைத் திடீரென்று இரட்டிப்பாக்குவது இன்னொரு ஆபத்து. முன்கையில் வலி, காலையில் விரல் விறைப்பு, வாசித்து முடித்த பிறகும் அடங்காத எரிச்சல் இவற்றில் ஒன்று வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

---

வெள்ளைக்குதிரை எழுதியது:

சதுரங்கப் பக்கத்துலருந்து ஒரு விஷயம் மட்டும். "நினைவாற்றல் பிறவியிலேயே வேணும்"னு சொல்றவங்களுக்கு.

எஸ்.எஃப். என்று ஆய்வுகள்ல குறிப்பிடப்படுற ஒரு கல்லூரி மாணவர். எரிக்சனும் சேஸும் ஃபலூனும் 1980-ல வெளியிட்டாங்க. ஒரு விநாடிக்கு ஒரு எண் சொன்னா, ஆரம்பத்துல அவருக்கு நினைவு நின்னது 7 இலக்கம். சுமார் 230 மணி நேரப் பயிற்சிக்கு அப்புறம் 79. எப்படின்னா, அவர் ஓட்டக்காரர். 3492-ஐ ஒரு மைல் ஓட்ட நேரமா, 3 நிமிடம் 49.2 விநாடின்னு பிடிச்சுக்குவார். ஆனா அதே ஆளுக்கு எண்ணுக்குப் பதிலா எழுத்து சொன்னா, பழையபடி ஆறு கிட்டத்தான். நினைவாற்றல் வளரலை, எண்களைக் கொத்தாப் பிடிக்கிற வழி வளர்ந்துச்சு.

சதுரங்கத்துலயும் இதேதான். உண்மையான ஆட்டத்துலருந்து எடுத்த நிலையை ஐந்து விநாடி காட்டினா மாஸ்டர் பெரும்பாலான காய்களை அப்படியே வெச்சுக் காட்டுவார். காய்களைக் கன்னாபின்னான்னு கலைச்சுப் போட்டா அவருக்கும் புதியவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. நோட்டேஷன் பார்த்து உடனே வாசிக்கத் திணறுற மாணவருக்கும் இதையே யோசிச்சுப் பாருங்க. அவர் ஸ்வரம் ஸ்வரமாப் படிக்கிறாரா, கார்டாப் (பல ஸ்வரம் சேர்ந்த கொத்தா) பிடிக்கிறாரா?

இன்னொண்ணு, ஆடுறது வேற, படிக்கிறது வேற. நீல் சார்னஸ் குழு 2005-ல வெளியிட்ட ஆய்வுல, கிராண்ட்மாஸ்டர்கள் முதல் பத்து வருஷத்துல தனியா உட்கார்ந்து படிச்சது சுமார் 5,000 மணி. நடுத்தர ஆட்டக்காரர்களைவிடக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. ஆன்லைன்ல வேக ஆட்டமா ஆடித் தள்ளுறது இந்தக் கணக்குல சேராது.

---

இசைவகுப்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதிவு கேட்கும் யோசனையை இந்த வாரமே தொடங்குகிறேன். ஒன்று பாக்கி: காது. அதே மாணவருக்கு இரண்டு ஸ்வரத்தில் எது மேலே என்று கேட்டால் அடிக்கடி தவறாகச் சொல்கிறார். இதுவும் பயிற்சியில் வருமா?

---

மெட்ரோனோம்60 எழுதியது:

மூன்று படியாகப் பிரித்துச் சோதியுங்கள். ஏனென்றால் "காது இல்லை" என்று சொல்லப்படுபவர்களில் பலருக்குக் கோளாறு காதில் இருப்பதில்லை.

முதலில் "ஒன்றா, வேறா" மட்டும் கேளுங்கள். ஏ 440 ஹெர்ட்ஸ், அடுத்து ஏ ஷார்ப், சுமார் 466. இருபது ஜோடி, நடுநடுவே ஒரே ஸ்வரத்தையே இரண்டு தடவை. இதில் 18-க்கு மேல் சரியாக வந்தால் கேட்கும் திறன் நன்றாகவே இருக்கிறது. அடுத்து "மேலா, கீழா". முதல் படியில் தேறி இதில் தவறினால், "மேல்" என்பது எதைக் குறிக்கிறது என்றே புரியாமல் இருக்கலாம். கட்டையில் வலப்பக்கம் போவதை மேலே போவதாகத் தொட்டுக் காட்டி, முதலில் ஐந்து ஸ்வர இடைவெளியில் தொடங்கிப் படிப்படியாகக் குறுக்குங்கள். மூன்றாவதாகப் பாடச் சொல்லுங்கள். முதல் இரண்டும் சரி, பாடுவது மட்டும் தவறு என்றால் அது குரலைக் கட்டுப்படுத்துவதில் உள்ள சிக்கல், காதுக்குச் சம்பந்தமில்லை.

அரை ஸ்வர வித்தியாசமே கேட்காதவர்கள் உண்டு, பிறவியிலேயே. மிகக் குறைவு. முதல் படியிலேயே பல நாள் சோதித்தும் பாதிக்குப் பாதி என்று வந்தால் முதலில் செவித்திறன் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

ஸ்வரத்தைக் கேட்டவுடன் பெயர் சொல்லும் திறனை எல்லோரும் பிறவி என்று நினைத்தார்கள். ஜப்பானில் சகாகிபாரா 2 முதல் 6 வயதுவரையுள்ள 24 குழந்தைகளுக்குக் கார்டுகளை வைத்துத் தினமும் பயிற்சி கொடுத்தார். இருவர் நடுவில் விலகினார்கள், மீதி 22 பேருக்கும் அது வந்துவிட்டது; 2014-இல் வெளியானது. பெரியவர்களுக்கு அந்தப் பலன் பெரும்பாலும் கிடைப்பதில்லை, எனவே வயதும் ஒரு கணக்கு. ஆனால் அந்தத் திறன் இல்லாமலே முழு வாழ்க்கையும் நன்றாக வாசிக்கலாம்.

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். மிரியம் மோசிங் குழு 2014-இல் சுவீடனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டையர்களை வைத்துப் பார்த்தது. ஒத்த இரட்டையரில் ஒருவர் மற்றவரைவிட அதிகம் பயிற்சி செய்திருந்தும், சுருதி, மெட்டு, தாளம் பிரித்தறியும் சோதனையில் இருவரும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் எடுத்தார்கள். பெரியவர்களின் பிரித்தறியும் நுட்பத்தைப் பயிற்சி அவ்வளவாக மாற்றவில்லை என்று இதை எடுத்துக்கொள்ளலாம். வாசிக்கும் திறனுக்கு இந்த ஆய்வு பேசவில்லை, விரல்களை அங்கே யாரும் அளக்கவில்லை. தவிர, எவ்வளவு பயிற்சி செய்கிறோம் என்பதிலேயே பரம்பரையின் பங்கு இருப்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

பெற்றோருக்கு "வரும்", "வராது" இரண்டையும் சொல்ல வேண்டாம். "இப்போது முதல்முயற்சி வேகம் 90. கட்டைவிரல் இடம் மாறுவதில் சிக்கல். ஆறு வாரம் கழித்து மறுபடி அளப்போம்" என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். அந்தத் தேதியில் கட்டாயம் அளந்து, அடுத்த எண்ணை அதே தாளில் எழுதுங்கள்.